கட்டவிழ்த்த கைகள்

தொண்டிற்கு இலக்கணம் வகுத்தோர் பலர். இலக்கியமாய் வாழ்ந்தோர் சிலரே. அச்சிலருள் ஒருவர், ஆஸ்திரேலியச் செவிலி எலிசபெத் கென்னி (1880–1952).

முதல் உலகப்போரின்போது, பகைவர்க்கு அஞ்சி விளக்கணைத்துச் சென்ற கப்பல்களில், காயமுற்ற வீரர்களுக்கு அவர் பணிவிடை செய்தார். 1917-இல் ‘சிஸ்டர்’ என்னும் படைத்துறைப் பதவி பெற்றார். நம் ஊர்களில் செவிலியரை அழைக்கும் அச்சொல், இறுதிவரை அவர் பெயரோடு நிலைத்தது.

அந்நாளில் இளம்பிள்ளைவாதம் தாக்கிய குழந்தைகளின் கைகால்களை மரச்சட்டங்களிலும் மாவுக்கட்டுகளிலும் பன்மாதங்கள் அசையாது வைத்தலே மருத்துவ நெறி. கென்னி கட்டை அவிழ்த்தார். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த கம்பளித் துணியால் ஒற்றடமிட்டார். வலி தணிந்தபின் உறுப்புகளை மெல்ல அசைத்தார். பின்னர்க் குழந்தையே அசைக்கப் பயிற்றினார்.

1938-இல் குயின்ஸ்லாந்து அரச ஆணையம் அம்முறையை ஏற்க மறுத்தது. இருளில் சென்ற கப்பல்களுக்கு அஞ்சாதவர் இதற்கு அஞ்சுவரோ? 1940-இல் அமெரிக்கா சென்றார். 1942-இல் மினியாபொலிஸ் நகரில் அவர் பெயரால் நிலையம் எழுந்தது. நோய்க்கு அவர் கூறிய விளக்கம் முழுவதையும் மருத்துவ உலகம் ஏற்கவில்லை என்பதை நாம் மறைத்தல் தகாது. ஆயினும் அவரது பயிற்சிமுறை இயன்மருத்துவத்தின் அடித்தளங்களுள் ஒன்றாயிற்று.

2014-இல் இந்தியா போலியோ அற்ற நாடெனச் சான்று பெற்றது. எனினும் மூளை முடக்குவாதத்தால் நடக்கவியலாக் குழந்தைகள் இன்றும் நம்மிடையே உளர். ‘தலைவிதி’ என்று அவர்களை மூலையில் கிடத்துதலும் ஒரு கட்டன்றோ? இளம்பருவத்திலேயே மருத்துவர்வழிப் பயிற்சி பெறச்செய்து அதனை அவிழ்த்தல் நம் கடன்.