12 படத்துல 3: ஒரு பழைய லென்ஸ் சொல்லிக்கொடுத்த கணக்கு

ஒரு ரோல் 120 ஃபிலிம்ல 6×6 படம் 12 தான் எடுக்க முடியும். மாமாவோட பழைய பென்டகான் சிக்ஸ் கேமராவை வாங்கிட்டுப் போய், அப்பத்தாவைத் திண்ணையில் உட்கார வெச்சு 12 படமும் எடுத்தேன். கழுவிப் பார்த்தா கண் ஷார்ப்பா இருந்தது 3 படத்தில் மட்டும்தான். மத்ததைப் பார்த்துட்டு அப்பத்தா கேட்டாங்க: "ஏண்டா, என் தோட்டைத்தான் படம் புடிச்சியா?"

தப்பு லென்ஸ் மேல இல்லை, கணக்கு போடாத என் மேலதான். அந்தக் கணக்கை இப்போ போட்டுப் பார்ப்போம்.

லென்ஸ்: கார்ல் சைஸ் யேனா பயோமெட்டார், 120 மி.மீ., எஃப் 2.8. அன்றைய கிழக்கு ஜெர்மனியில் தயாரானது. 4 குழுக்களாக 5 கண்ணாடிகள்.

120 மி.மீ. என்றதும் பெரிய டெலிஃபோட்டோ என்று நினைக்க வேண்டாம். எவ்வளவு அகலமாகத் தெரியும் என்பது ஃபிலிம் அளவையும் பொறுத்தது. 6×6 என்று சொன்னாலும் உண்மையான ஃப்ரேம் 56×56 மி.மீ.; மூலைவிட்டம் 79 மி.மீ. சாதாரண 35 மி.மீ. ஃபிலிமுக்கு (24×36) அது 43 மி.மீ. அப்போ 120 × 43 ÷ 79 = சுமார் 65. அதாவது 35 மி.மீ. கேமராவில் 65 மி.மீ. லென்ஸ் போட்ட மாதிரி. அதனாலதான் இதை ஷார்ட் டெலி என்கிறோம்.

ஆனா ஃபோகஸ் ஆழம் விஷயத்தில் 120 தன் வேலையைக் காட்டும். தோராயமான சூத்திரம்:

ஆழம் = 2 × எஃப் எண் × மங்கல் அளவு × தூரம்² ÷ ஃபோகல் லெங்த்²

ஒரு புள்ளி எவ்வளவு பரவினாலும் நம்ம கண்ணுக்குப் புள்ளியாகவே தெரியுமோ, அதுதான் மங்கல் அளவு. 6×6-க்கு 0.05 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். நான் நின்ற தூரம் 1.5 மீட்டர்.

எஃப் 2.8: 4.4 செ.மீ.
எஃப் 5.6: 8.8 செ.மீ.
எஃப் 8: 12.5 செ.மீ.

4.4 செ.மீ.யில் பாதி கண்ணுக்கு முன்னாடி, பாதி பின்னாடி. நான் ஃபோகஸ் பண்ணி முடிச்சதும் அப்பத்தா சிரிச்சுக்கிட்டே நாலு விரல் அளவு முன்னாடி சாஞ்சாங்க. கண் இருந்த இடத்துக்குக் காது வந்துடுச்சு. தோடு பளிச்!

எஃப் 5.6 வெச்சா தப்பிக்கலாம். ஆனா 2 ஸ்டாப் வெளிச்சம் போயிடும். 1/125 ஷட்டர் 1/30 ஆயிடும். கையில் பிடிச்சா படம் ஆடும். 100 ஐஎஸ்ஓ ஃபிலிமுக்குப் பதிலா 400 போட்டா அதே 1/125 திரும்பக் கிடைக்கும். பின்னணி கொஞ்சம் கம்மியா மங்கும், கிரெயின் கொஞ்சம் கூடும். கண் தெரியுமே, அது போதும்.

பின்னணி மங்கணும்னு எஃப் 2.8-ஐத் திறக்கிறதுக்கு முன்னாடி இந்த ஒரு வரிக் கணக்கைப் போட்டுடுங்க. அப்பத்தாவுக்கு 84 வயசாகுது. அடுத்த லீவுக்கு 400 ஃபிலிமோட ஊருக்குப் போறேன்.