உயர்கல்விக் கொள்கையில் அகத்தோரும் புறத்தோரும்

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு (தாவரவியல்) மாணவர், கட்டபெட்டு

முன்னுரை

நாம் எந்தப் பாடத்தைப் படிக்கிறோம், எத்தனை தேர்வு எழுதுகிறோம், எவ்வளவு கட்டணம் செலுத்துகிறோம், எந்த மொழியில் விடை எழுதுகிறோம் என்பன எல்லாம் எங்கோ ஓர் அறையில் முடிவாகின்றன. அந்த முடிவுகளின் தொகுப்பையே உயர்கல்விக் கொள்கை என்கிறோம். 'வல்லவன் வகுத்ததே வாய்க்கால்' என்பது பழமொழி. வாய்க்காலை வகுப்பவன் வல்லவனாக இருப்பதில் தவறில்லை. ஆனால் எந்த வயல் மேடு, எந்த வயல் பள்ளம் என்று உழுகிறவனைக் கேட்காமல் வெட்டிய வாய்க்காலில் தண்ணீர் ஏறாது. கொள்கை வகுப்பில் யாரைக் கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும், கேட்டபின் என்ன செய்ய வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உரியோர் யாவர்?

ஒரு முடிவினால் நன்மையோ தீமையோ அடையக்கூடிய அனைவரையும் 'பங்குதாரர்' என்று இன்று குறிப்பிடுகின்றனர். கம்பெனியில் பணம் போட்டவரைக் குறிக்கும் சொல் அது. கல்விக்கு அது அவ்வளவு பொருந்தவில்லை. பணம் போடாதவருக்கும் கல்வியில் உரிமை உண்டு. ஆகவே இக்கட்டுரையில் 'உரியோர்' என்ற சொல்லை ஆள்கிறேன்.

உரியோரை இரு வகையாகப் பிரிக்கலாம். மாணவர், ஆசிரியர், முதல்வர், அலுவலகப் பணியாளர், ஆய்வக உதவியாளர், நூலகர் ஆகியோர் கல்லூரிக்குள்ளே இருப்பவர், இவர்கள் அகத்தோர். பெற்றோர், பழைய மாணவர், வேலை தருவோர், பள்ளி ஆசிரியர், உள்ளாட்சி மன்றத்தினர், பொதுமக்கள் ஆகியோர் புறத்தோர். இவ்விரு சாராருக்கும் மேலே அரசுகள் இருக்கின்றன. 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் கல்வி பொதுப்பட்டியலுக்கு மாற்றப்பட்டது. அதன்பின் மத்திய அரசும் மாநில அரசும் கல்வியைப் பற்றிச் சட்டம் இயற்ற முடிகிறது. முடிவெடுக்கும் இடங்கள் பெருகின. கேட்க வேண்டிய காதுகளும் பெருகின எனலாம்.

கேட்டதும் கேளாததும்

நம் நாட்டில் கருத்துக் கேட்கும் மரபு புதியதன்று. 1964இல் டி. எஸ். கோத்தாரி தலைமையில் அமைக்கப்பட்ட கல்விக் குழு, ஏறத்தாழ 9,000 பேரை நேரில் கண்டு பேசியது. 2,400 குறிப்புரைகளைப் பெற்றது. 1966 ஜூனில் அறிக்கை அளித்தது. அதன் அடிப்படையிலேயே 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பிறந்தது.

கேளாமல் செய்ததற்கும் நம் மாநில வரலாற்றில் சான்று உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளிக் கல்வியைச் சார்ந்ததே ஆயினும், இங்கு நினைக்கத்தக்கது. மக்களிடம் முன்கூட்டிப் பேசாமல் வந்த அத்திட்டம் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயர் பெற்றுக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1954இல் காமராஜர் முதலமைச்சர் ஆனபின் கைவிடப்பட்டது. திட்டத்தின் குணம் குறை ஒருபுறம் இருக்க, யாருடைய பிள்ளைகளுக்காக வகுக்கப்பட்டதோ அவர்களை நம்பவைக்க முடியாத திட்டம் நிலைக்காது என்பதை இது காட்டுகிறது.

அண்மைக் காலத்துக்கு வருவோம். கஸ்தூரிரங்கன் குழுவின் வரைவுக் கொள்கை 2019 மே 31 அன்று வெளியாயிற்று. 484 பக்கங்கள், ஆங்கிலத்திலும் இந்தியிலும். கருத்துக் கூற முதலில் தரப்பட்ட காலம் ஒரு மாதம்; பின்னர் அது நீட்டிக்கப்பட்டது. மும்மொழி பற்றிய பகுதிக்குத் தமிழ்நாட்டில் எழுந்த எதிர்ப்பினால் சில நாட்களிலேயே அப்பகுதி திருத்தப்பட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் வந்ததாக மத்திய அரசு தெரிவித்தது. 2020 ஜூலை 29 அன்று அமைச்சரவை கொள்கைக்கு ஒப்புதல் அளித்தது.

நம் மாநிலத்தில் நீட் தேர்வின் தாக்கத்தை ஆராய 2021 ஜூனில் அமைக்கப்பட்ட நீதியரசர் ஏ. கே. ராஜன் குழுவுக்கு 86,342 பேர் கருத்து அனுப்பினர். ஏறத்தாழ ஒரே மாதத்தில் வந்த மடல்கள் இவை. மக்களுக்குக் கல்வியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று எண்ணுவோருக்கு இந்த எண்ணே விடை. 2022இல் நீதியரசர் த. முருகேசன் தலைமையில் மாநிலக் கல்விக் கொள்கைக் குழு அமைந்தது. பேராசிரியர்களுடன் எழுத்தாளர் எஸ். ராமகிருஷ்ணன், இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா, சதுரங்க வீரர் விஸ்வநாதன் ஆனந்த் போன்றோரும் அதில் உறுப்பினர். அறிக்கை 2024 ஜூலை 1 அன்று முதலமைச்சரிடம் அளிக்கப்பட்டது. பள்ளிக் கல்விக்கான கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியிடப்பட்டது. பல துறையினர் அமர்ந்த அக்குழுவின் உறுப்பினர் பட்டியலில், அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மாணவர் எவரும் இல்லை.

பொதுப் பாடத்திட்டம் தந்த பாடம்

2023இல் எழுந்த பொதுப் பாடத்திட்ட விவாதம் நம் வகுப்பறைக்கு மிக அருகில் இருப்பதால் அதைச் சற்று விரித்துக் காண்போம்.

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றம், கலை அறிவியல் படிப்புகளுக்கு மாதிரிப் பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்தது. அதற்குக் காரணம் இருந்தது. ஒரே பெயருள்ள பட்டத்தை வெவ்வேறு பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு பாடங்களுடன் வழங்கினால், ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதும், அரசு வேலைக்கு 'இணையான பட்டம்' என்று சான்று பெறுவதும் கடினம். இத்துன்பம் ஏழை மாணவனுக்கே அதிகம். சான்றுக்காகச் சென்னைக்கு நடையாய் நடக்க அவனிடம் பணம் இல்லை.

எதிர்ப்புக்கும் காரணம் இருந்தது. பாடத்திட்டத்தை வகுப்பது பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழுக்களின் பொறுப்பு. தன்னாட்சிக் கல்லூரிகளுக்குத் தம் பாடத்தைத் தாமே வகுக்கும் உரிமை உண்டு. இவை என்னாவது என்று ஆசிரியர் சங்கங்களும் கல்லூரிகளும் வினவின. தன்னாட்சிக் கல்லூரிகள் விரும்பினால் ஏற்கலாம் என்ற விளக்கம் பிறகு உயர்கல்வி அமைச்சரிடமிருந்து வந்தது.

பாடத்திட்டத் தயாரிப்பில் பேராசிரியர்கள் பலர் பங்கேற்றனர். அப்படியிருந்தும் எதிர்ப்பு ஏன்? தேர்ந்தெடுத்த சிலரைப் பணியில் சேர்ப்பது வேறு. பாடம் நடத்தப்போகும் எல்லோருக்கும் வரைவைக் காட்டி மறுமொழி கேட்பது வேறு. முன்னது உழைப்பைப் பெறுகிறது. பின்னது இசைவைப் பெறுகிறது. வெளியான பின் நடந்த பேச்சு, வெளியாகும் முன்னரே நடந்திருந்தால் இரு தரப்பு நியாயங்களும் ஒரே மேசையில் வைக்கப்பட்டிருக்கும்.

பிற நாடுகளில்

இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகம் ஐரோப்பாவின் மிகப் பழைமையானது. அங்கே இடைக்காலத்தில் மாணவர் சங்கங்களே ஆசிரியரை அமர்த்தின. 1918இல் அர்ஜென்டினாவின் கோர்தோபா நகரில் மாணவர்கள் போராடிப் பல்கலைக்கழக நிர்வாகத்தில் இடம் கேட்டனர். அவ்வியக்கம் லத்தீன் அமெரிக்கா முழுவதும் பரவிற்று. 2005இல் ஐரோப்பிய நாடுகள் ஏற்றுக்கொண்ட உயர்கல்வித் தர நெறிகள், தர மதிப்பீட்டில் மாணவர் பங்கை வலியுறுத்துகின்றன.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. கல்லூரிகளுக்குத் தரச் சான்று வழங்க 1994இல் தொடங்கப்பட்ட 'நாக்' அமைப்பு, பாடத்திட்டம் பற்றி மாணவர், ஆசிரியர், வேலை தருவோர், பழைய மாணவர் ஆகியோரிடம் கருத்துப் பெற வேண்டும் என்கிறது. கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவில் மாணவர், பழைய மாணவர், ஊர்ப் பொதுமக்கள், தொழில் துறையினர் ஆகியோரின் பிரதிநிதிகளுக்கும் இடம் உண்டு. ஏட்டில் இருப்பது நாட்டில் நடக்கிறதா என்பதே வினா. கருத்துப் படிவம் வரும் நாளில் மணி அடிப்பதற்குள் எல்லாக் கட்டத்திலும் 'மிக நன்று' என்று குறித்துக் கொடுத்துவிடும் வழக்கம் எந்தக் கல்லூரிக்கும் புதியதன்று. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

நம் மலையில்

உரியோரைக் கேட்பதால் என்ன பயன் என்பதை நம் நீலகிரியை வைத்தே சொல்லலாம்.

சமவெளியில் இருந்து பார்ப்பவருக்கு இருபது கிலோமீட்டர் ஒரு தூரமே அன்று. மலைப்பாதையில் அது ஏறத்தாழ ஒரு மணி நேரம். மழைக்காலத்தில் மண் சரிந்தால் அன்றைய வகுப்பே இல்லை. எழுபத்தைந்து விழுக்காடு வருகை என்ற விதியை எழுதியவர் இதை அறிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் கட்டபெட்டிலும் கோத்தகிரியிலும் பேருந்துக்கு நிற்கும் மாணவரைக் கேட்டால் தெரிந்துவிடும். வீட்டில் படுகு மொழியும், பள்ளியில் தமிழும், கல்லூரியில் ஆங்கிலப் பாடநூலுமாக மூன்று படி ஏறும் மாணவனுக்கு முதல் பருவத்தில் தேவைப்படுவது என்ன என்பதும் அவனைக் கேட்டால்தான் தெரியும்.

பாடத்திட்டத்தையும் பார்ப்போம். குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. முத்தோரையில் உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும், 1970 முதல் இயங்கும் 530 மீட்டர் நீள வானொலித் தொலைநோக்கியும் உள்ளன. கட்டபெட்டு உட்படப் பல ஊர்களில் சிறு விவசாயிகளின் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் நடக்கின்றன. இங்குள்ள அறிஞரும் தொழிலாளரும் விவசாயிகளும் நம் அறிவியல் படிப்புக்குப் புறத்தோர். தேயிலைக் கொப்புள நோயை விவசாயி இலையில் காட்டுகிறார்; நாம் அதை உண்டாக்கும் பூஞ்சையை நுண்ணோக்கியில் காண்கிறோம். இரண்டும் ஒரே பாடத்தில் சந்திக்க வேண்டாமா?

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். புறத்தோரில் வேலை தருவோரின் குரல் மட்டும் ஓங்கிவிடக் கூடாது. உதகையில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஒரு காலத்தில் இம்மாவட்டத்தின் பெரும் தொழிற்சாலை. டிஜிட்டல் புகைப்படம் வந்தது, படச்சுருள் போயிற்று, தொழிற்சாலையும் மூடப்பட்டது. அன்று வேதியியல் பாடத்தை அந்த ஒரு தொழிற்சாலையின் தேவைக்கென்றே வெட்டி ஒட்டியிருந்தால், படித்தவர் கதி என்னாகியிருக்கும்? ஆதலால் தொழிலின் குரலோடு, துறையின் அடிப்படையைக் காக்கும் ஆசிரியரின் குரலும் ஒலிக்க வேண்டும்.

எட்டாத குரல்

'மூன்றாண்டில் போய்விடும் மாணவனுக்கு என்ன தெரியும்? பள்ளி வாசலை மிதியாத பெற்றோருக்குக் கல்விக் கொள்கை என்ன புரியும்?' என்று கேட்பார் உண்டு. முடிவெடுக்கும் பொறுப்பு அறிஞரிடமே இருக்கட்டும். ஆனால் அம்முடிவு எந்த இடத்தில் வலிக்கிறது என்பதை அனுபவிப்பவர் சொன்னால்தான் அறிஞரும் அறிவார்.

என் தாயார் தேயிலை பறிப்பவர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். பெற்றோர் கூட்டம் வேலை நாளில் வைக்கப்பட்டால், அதில் கலந்துகொள்ள அவருக்கு ஆகும் செலவு ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும். வந்தாலும் அவரிடம் கேட்கப்படுவது கையெழுத்து, கருத்து அன்று. ஆனால் கட்டணத் தேதி இலைக் கூலி வரும் வாரத்துக்கு முந்தி விழுந்தால் என்ன நேரும் என்பதை அவரைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர் யார்? இத்தகையோர் வராததால் அவர்களுக்குக் கருத்து இல்லை என்று எழுதிவிடுகின்றனர். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பர்; அழும் ஓசை எட்டாத தூரத்தில் இருக்கும் பிள்ளைக்கும் பசி உண்டு.

செய்யத்தக்கவை

1. எந்த வரைவுக் கொள்கையும் எளிய தமிழில், பத்துப் பக்கச் சுருக்கத்துடன் வெளிவர வேண்டும். சட்ட வரைவுகளைக் குறைந்தது 30 நாட்கள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2014இல் நெறி வகுத்தது. கல்விக் கொள்கைக்கு அந்த 30 நாட்கள் தேர்வுக் காலமாக இருக்கக் கூடாது.

2. கருத்துக் கேட்புக் கூட்டங்கள் பெருநகரங்களோடு நில்லாமல் கோத்தகிரி, கூடலூர் போன்ற ஊர்களிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் நடக்க வேண்டும்.

3. பல்கலைக்கழகப் பாடத்திட்டக் குழு ஒவ்வொன்றிலும் படிக்கும் மாணவர் ஒருவரும், அண்மையில் படித்து முடித்தவர் ஒருவரும் இடம்பெற வேண்டும்.

4. வந்த கருத்துகளில் எவை ஏற்கப்பட்டன, எவை எக்காரணத்தால் ஏற்கப்படவில்லை என்பதை வெளியிட வேண்டும். கேட்டவன் மறுமொழி தராவிட்டால் அடுத்த முறை சொல்ல எவரும் வரமாட்டார். மற்றவற்றைவிட இதுவே முதன்மையானது என்பது என் கருத்து.

5. கல்லூரியில் நிரப்பப்படும் கருத்துப் படிவங்களின் முடிவும், அதன்மேல் எடுத்த நடவடிக்கையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும்.

முடிவுரை

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும். வடம் பிடிக்க மட்டும் ஊரைக் கூப்பிட்டு, தேர் செல்லும் வீதியைச் சிலரே முடிவு செய்தால், தேர் சில வீடுகளின் வாசலுக்கு என்றுமே வராது. கொள்கை வகுப்போர் கேட்கக் கடமைப்பட்டவர். நாம் சொல்லக் கடமைப்பட்டவர். மாணவ நண்பர்களே, அடுத்த முறை கருத்துப் படிவம் கைக்கு வரும்போது பத்து நிமிடம் செலவிட்டு உண்மையை எழுதுவோம். ஆசிரியப் பெருமக்கள் அதைப் படித்து, எங்களுடன் அமர்ந்து பேச வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.