டாங்கி மாடலில் பிரைமர் வெளுத்துப் போகிறதா?

பிற்பகல் ஆனாலே மழை கட்டிக்கொள்ளும் பேராக் மாநிலத்துக் கோப்பெங்கில், பிளாஸ்டிக் டாங்கி செய்பவர்களுக்குத் தீராத தொல்லை ஒன்று உண்டு: ஸ்பிரே பிரைமர் வெள்ளையாகப் பூத்துவிடும். 1942 ஜனவரி 7-இல் இதே பேராக்கின் சிலிம் ரிவரில் பிரிட்டிஷ் அரண்களைப் பிளந்து சென்ற ஜப்பானிய 97-ஆம் வகை டாங்கியைத் தமியா நிறுவனம் 1:35 அளவில் வெளியிட்டிருக்கிறது. அதைச் செய்பவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. பாகங்களை வெட்டி எடுக்கும் முன் சட்டத்தோடு சோப்பு நீரில் அலசுங்கள். அச்சுப் பிசுக்கு இருந்தால் பெயின்ட் பிடிக்காது.

2. சக்கரங்களையும் சங்கிலிப் பட்டையையும் கடைசியில் மாட்டுங்கள். முன்னதாக ஒட்டினால் உள்ளே தூரிகை நுழையாது.

3. வெயில் ஏறிய காலையில், காற்றோட்டமான இடத்தில், முகமூடி அணிந்து பிரைமர் அடியுங்கள். கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது அங்கே படிந்து வெளுக்கிறது. டப்பாவை நன்றாகக் குலுக்கி, சுமார் 20 செ.மீ. தள்ளிப் பிடியுங்கள். பீய்ச்சலை மாடலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள், முதல் துளிகள் தடித்து விழும். மெல்லிய பூச்சாக இருமுறை அடித்தால் போதும். இந்த டாங்கியின் அழகே அதன் ரிவெட் தலைகள். தடித்த பூச்சு அவற்றை மூழ்கடித்துவிடும்.

4. மறுநாள் வரை தொடாதீர்கள். அரைகுறையாகக் காய்ந்த பிரைமரில் விரல் ரேகை பதியும்.

5. பிரைமரின் மேல் அக்ரிலிக் நிறம் பூசி, அது நன்கு காய்ந்தபின், நீர்த்த அடர்பழுப்பு எனாமலை ரிவெட் ஓரங்களில் மட்டும் நுனித்தூரிகையால் தொட்டு வையுங்கள். நிழல் விழுந்து ஒவ்வொரு ரிவெட்டும் எடுப்பாகத் தெரியும்.

6. சேற்றுக்குச் செம்பழுப்புப் பேஸ்டல் கட்டியைப் பொடித்துப் பட்டையிலும் அடிப்பாகத்திலும் பூசுங்கள். சாம்பல் நிறச் சேறு இந்த வட்டாரத்துச் செம்மண்ணுக்குப் பொருந்தாது.