கரைவலை இழுக்கும் கை: அனிமேஷனில் தசையை உயிர்ப்பிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மன்னார் நறுவிலிக்குளத்தில் அனிமேஷன் பழக நினைக்கும் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி போதும். பிளெண்டர் மென்பொருள் இலவசம். மன்னார்க் கரையில் கரைவலை இழுக்கும் மனிதர்களைவிட நல்ல ஆசிரியர்களை நான் கண்டதில்லை.

1. முதலில் கரைக்குப் போங்கள்

வலை இழுப்பவர்களிடம் கேட்டுக்கொண்டு, தலை முதல் கால் வரை தெரியப் பக்கவாட்டில் நின்று கைபேசியில் படம் பிடியுங்கள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு பிரேமாக நிறுத்திப் பாருங்கள். கைதான் இழுக்கிறது என்று எண்ணியிருப்போம். உண்மையில் குதிக்கால் மணலில் புதைகிறது, தொடை விறைக்கிறது, முதுகு பாரத்தை ஏற்கிறது. கை கொக்கிபோல நீண்டு கிடக்கிறது. கயிற்றை இறுக்கிப் பிடிக்கையில் முன்னங்கை புடைக்கிறது. விரல்களை மடக்கும் பெரிய தசைகள் இருப்பது அங்கேதான்.

2. தசையின் குணம்

தசை இழுக்கும், தள்ளாது. அதனால்தான் முழங்கையை மடக்க ஒரு தசை, நீட்ட இன்னொன்று. குறுகும்போது தடிக்கும், அதன் பருமன் ஏறக்குறைய மாறாது.

3. ஒரே ஒரு கை

முழு உடலைத் தொடாதீர்கள். பிளெண்டரில் மேற்கை, முன்னங்கை, உள்ளங்கை என மூன்று எலும்புகள் வைத்து, தோலை அவற்றோடு இணையுங்கள். பிறகு தோளருகே தொடங்கி, முழங்கைக்குச் சற்றுக் கீழே முடியும் ஒரு தசை எலும்பைச் சேருங்கள். அதன் தலை மேற்கையைச் சார்ந்திருக்கட்டும். நுனியை 'ஸ்ட்ரெச் டு' கட்டுப்பாட்டால் முன்னங்கையோடு பிணையுங்கள். பருமன் காக்கும் வசதி அதிலேயே உண்டு. புயத்தின் முன்பக்கத் தோலை இந்த எலும்புக்குப் பங்கிட்டால், கை மடங்க மடங்கப் புயம் தானாகப் புடைக்கும்.

4. பாரம் தெரியட்டும்

பலர் தவறுவது இங்கேதான். வெறுங்கையும் கயிறு இழுக்கும் கையும் ஒரே அளவு மடங்கியிருக்கலாம், தோற்றம் ஒன்றல்ல. நீளம் மாறாமலே தசை விறைக்கும். மூட்டின் கோணத்தை மட்டும் நம்பும் தசை எலும்புக்கு இது தெரியாது. ஆகவே விறைத்த புயத்தை 'ஷேப் கீ'யாகத் தனியே செதுக்கி, அதன் அளவை நீங்களே பிரேம் பிரேமாக ஏற்றி இறக்குங்கள். உடல் நகர்வதற்கு ஓரிரு பிரேம் முன்னரே விறைப்பு தொடங்கட்டும். மோஷன் கேப்சர் வைத்திருப்பவர்களுக்கும் இந்த வேலை மிஞ்சும். 2014-இல் வந்த 'கோச்சடையான்' அந்த நுட்பத்தில் உருவான படம். உடலில் ஒட்டிய குறிகள் அசைவைப் பதியும். உள்ளே விறைக்கும் தசையைப் பதியாது.

5. தளர்வு

வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டின் தாளத்தில் இழுவை ஏறி இறங்குவதைக் கவனியுங்கள். இழுவை விட்டதும் தசை சட்டென்று அடங்காது. சதை சற்றுப் பிந்தியே குலுங்கி ஓயும். தளர்வைச் செய்யாத அசைவு மரப்பாச்சியாகிவிடும்.

நான்கு விநாடி அசைவு போதும். விநாடிக்கு 24 பிரேம் என்றால் 96 பிரேம். முடித்ததும் வலை இழுத்த ஒருவரிடம் காட்டுங்கள். கயிற்றில் பாரம் இல்லை என்று அவர் சொன்னால், நான்காம் படியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள்.