தாயின் உதிரத்தில் தங்கிய மக்கள்



ரஹிம் என்னும் அரபுச் சொல் தாயின் கருவறையைக் குறிக்கும். அல்லாஹுத்தஆலாவின் திருநாமமாகிய ரஹ்மான் என்பதும் அதே வேரிலிருந்து வந்ததாகும். உற்றாரைச் சேர்ந்து வாழ்வதற்கு நம் மார்க்கத்தில் ஸிலத்துர் ரஹிம் என்று பெயர். அதாவது, கருவறையின் தொடர்பைப் பேணுதல். மதரஸாவில் உஸ்தாது இதைச் சொல்லித் தந்தபோது நமக்கு வயது பத்து. மனனம் செய்தோம், அவ்வளவுதான்.

சென்ற ரமலானில் ஓர் இரவு, கடையை அடைத்துவிட்டு வந்து அமர்ந்திருந்தோம். தாதிப் பயிற்சி பெற்று வரும் நம் மகள் தன் பாடத்திலிருந்து ஒரு செய்தியைச் சொன்னாள்.

கருவிலிருக்கும் குழந்தையின் இரத்தமும் தாயின் இரத்தமும் நேராகக் கலப்பதில்லை. நஞ்சு என்னும் உறுப்பு இடையே நின்று உணவையும் பிராணவாயுவையும் கடத்துகிறது. ஆயினும், வேலி இடுக்கில் கோழிக்குஞ்சு நுழைவதுபோல, குழந்தையின் உயிரணுக்கள் சில தாயிடமும், தாயின் உயிரணுக்கள் சில குழந்தையிடமும் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

பிரசவத்தோடு அவை அழிந்துவிடும் என்றுதானே நினைப்போம்? 1996-ம் ஆண்டில் அமெரிக்காவின் டயானா பியாங்கி என்னும் மருத்துவ அம்மையாரும் அவர் குழுவினரும் ஆண்மக்களைப் பெற்ற தாய்மாரின் இரத்தத்தைச் சோதித்தனர். ஆணுக்குரிய 'ஒய்' குரோமோசோம் பெண்ணுடலில் இயல்பாக இராது. அது தென்பட்டால் பெரும்பாலும் மகனிடமிருந்து வந்ததென்றே கொள்ளலாம். மகனைப் பெற்று 27 ஆண்டுகள் கழிந்த ஒரு தாயின் இரத்தத்திலும் அது இருந்தது! 2012-ல் வெளியான மற்றோர் ஆய்வில், மரணமடைந்த 59 பெண்களின் மூளையைச் சோதித்தபோது 37 பேரிடம் ஆண் அணுவின் அடையாளம் கிடைத்தது. அவர்களுள் ஒருவர் 94 வயது மூதாட்டி.

கருச்சிதைவில் இழந்த பிள்ளையின் அணுக்களும் இவ்வாறே தங்கிவிடுவதுண்டு என்றாள் மகள். அதைக் கேட்டதும் நம் வீட்டார் எழுந்து அடுப்படிக்குச் சென்றுவிட்டார்கள். நாமும் ஒன்றும் பேசவில்லை.

இவ்வணுக்களால் தாய்க்கு நன்மையா, தீமையா என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. புண்ணை ஆற்ற உதவும் என்பாரும் உளர். சில நோய்களுக்கு ஏதுவாகலாம் என்பாரும் உளர். அணுவுக்கு அன்பு தெரியாது. எந்தக் கண்டுபிடிப்பு வந்தாலும் "இது குர்ஆனில் முன்பே உள்ளது" என்று மேடையில் முழங்குவோரோடு நாம் சேரவும் மாட்டோம். தாய் சுமந்த சுமையை லுக்மான் அத்தியாயத்தில் இறைவன் நினைவூட்டுகிறான். அதை உணர ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை.

நம்மை உறுத்தியது வேறு. நம் உம்மா பெற்ற ஆண்மக்கள் இருவர்; காக்காவும் நாமும். வாப்பா மௌத்தான பின் கடைக் கணக்கில் மனக்கசப்பு வந்தது. மூன்று நாளுக்கு மேல் சகோதரனோடு பேசாதிருப்பது ஆகாதென்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்க, நாம் மூன்று ஆண்டு பேசவில்லை. ஒரே பள்ளியில் ஜும்ஆ தொழுவோம். வேறு வேறு வாசல் வழியாக வெளியேறுவோம். உம்மாவோ துணிப்பையைத் தூக்கிக்கொண்டு அங்கொரு மாதமும் இங்கொரு மாதமுமாக இருந்தார்கள். இங்கிருந்தால், "அவன் சாப்பிட்டானோ என்னவோ" என்பார்கள். அது நமக்கு எரிச்சலாகக்கூட இருந்தது.

"வாப்பா, அவங்க உடம்புல பெரியவாப்பாவோட அணுவும் உங்க அணுவும் ஒண்ணா இருக்கலாம்தானே?" என்று மகள் கேட்டாள்.

நம்மிடம் பதில் இல்லை. பெருநாள் தொழுகை முடிந்ததும் உம்மாவை அழைத்துக்கொண்டு காக்கா வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த காக்கா சற்று நேரம் நின்றார். பிறகு, "பசியாறிட்டியா?" என்றார்.

கணக்கு இன்னும் தீரவில்லை. ஞாயிறுதோறும் இருவரும் ஏட்டை விரித்து உட்காருகிறோம். உம்மா பக்கத்திலேயே இருக்கிறார்கள்.