காற்றின் மாசும் கையின் நாடியும்



2013ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் நண்பகலில் சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐ எட்டியது. மூன்று மணி நேரக் கணக்கில் எடுத்த அளவு அது. 300ஐக் கடந்தாலே அபாய நிலை என்பர். 2015ஆம் ஆண்டு செப்டம்பர் 25ஆம் நாளன்று புகைமூட்டத்தின் காரணமாகத் தொடக்கப்பள்ளிகளும் உயர்நிலைப்பள்ளிகளும் மூடப்பட்டன. சுமத்ராவில் காடும் சதுப்புநிலமும் எரிய, தென்மேற்குக் காற்று அப்புகையை நம்மிடம் கொணர்கிறது. மூட்டம் அடர்ந்தால் மார்சிலிங் மாடிகளிலிருந்து தெரியும் ஜோகூர்க் கரையும் மங்கிவிடும்.

தேசியச் சுற்றுப்புற வாரியம் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு, மத்தி என ஐந்து வட்டாரங்களுக்கும் அளவுகளை அறிவிக்கிறது. ஆயினும், வடவட்டாரத்தின் அளவு நம் வீட்டு அறையின் அளவு ஆகிவிடாதன்றோ? ஆஸ்துமா உள்ள குழந்தையைப் பெற்ற தாய்க்கு இந்த வேறுபாடு சிறிதன்று. அங்கேதான் விலை மலிந்த உணர்கருவி துணைக்கு வருகிறது. லிட்டில் இந்தியாவை அடுத்த சிம் லிம் டவர் போன்ற மின்பொருள் அங்காடிகளில் இத்தகைய உறுப்புகளைத் தேடலாம்.

கருவி செயற்படும் முறை எளிது. தீப்பெட்டியினும் சற்றே பெரிய கூட்டினுள் ஒரு சிறு விசிறி காற்றை இழுக்கிறது. அக்காற்றின் ஊடே லேசர் ஒளி பாய்கிறது. தூசி ஒளியைச் சிதறடிக்க, சிதறிய ஒளியை ஓர் ஒளியுணரி அளக்கிறது. கூரையின் துளை வழியே வரும் வெயிற்கதிரில் தூசி மின்னுவதைக் கண்டிருப்பீர்கள், அதே செய்திதான். ஆனால் இங்கு அளக்கப்படும் துகள் 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியது. தலைமயிரின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. ஆதலால் அது நுரையீரலின் ஆழம்வரை செல்ல வல்லது.

நாடியை அளக்கும் கைப்பட்டையும் ஒளியாலேயே இயங்குகிறது என்பது வியப்பு. அதன் அடியில் பச்சை விளக்கு மினுக்கும். குருதி பச்சை ஒளியை விழுங்கும் இயல்புடையது. இதயம் துடிக்குந்தோறும் மணிக்கட்டில் குருதி மிகும். திரும்பி வரும் ஒளி குறையும். அவ்வாறு குறையும் தடவைகளை எண்ணினால் நாடி கிடைத்துவிடும். ஓய்ந்திருக்கும் பெரியவர்க்கு நிமிடத்திற்கு 60 முதல் 100 வரை இயல்பு. சிறுவர்க்குச் சற்று மிகும்.

இவ்விரண்டையும் கம்பியில்லா இணையத்தின்வழி கைப்பேசியில் இணைத்தால், காற்று கெட்ட நேரமும் நாடி விரைந்த நேரமும் ஒரே திரையில் தோன்றும். வெயிலில் கூட்டிப் பெருக்கும் தொழிலாளிக்கு இது பெரிதும் பயன்படும். ஆயினும், நாடி விரைந்தமைக்குப் புகைதான் காரணம் என உடனே முடிவு கட்டலாகாது. வெப்பம், படியேற்றம், அச்சம், காய்ச்சல் ஆகிய யாவும் நாடியை விரைவுபடுத்தும்.

மலிந்த கருவிக்குக் குறைகளும் உண்டு. ஈரப்பதம் மிகுந்தால் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன; கருவி உள்ளதைவிட மிகுதியாகக் காட்டுகிறது. நம் ஊரிலோ ஈரப்பதத்திற்குப் பஞ்சமில்லை. அடுக்களையருகே வைத்தால், கடுகு தாளித்த மறுகணமே எண் ஏறும். வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகைக்கும் அவ்வாறே. முதலில் நகைப்பாக இருக்கும்; பின்னர்ச் சாளரத்தைத் திறந்து வைக்கும் பழக்கம் தானே வரும்! கைப்பட்டையும், கை அசைந்தாலோ பட்டை தளர்ந்தாலோ, தவறான எண் காட்டும்.

எனவே கருவியின் எண்ணை வாரியத்தின் எண்ணோடு சில நாள் ஒப்பிட்டுப் பாருங்கள். கைப்பட்டையைச் சோதிக்க, பெருவிரலின் அடிப்பக்கத்து மணிக்கட்டில் இரு விரல்களை வைத்து, முப்பது நொடி நாடியை எண்ணி இரட்டியுங்கள். மாணவர்களும் இதனை எளிதில் கற்கலாம். குழந்தைக்கு மூச்சிரைத்து, பேச இயலாது உதடு நீலம் பாரித்தால், திரையைப் பார்த்துக் காலம் கடத்தாது 995ஐ அழையுங்கள்.