பிரச்சுவாப்பில் சித்திரை வெயில்

தாய்லாந்துக்குப் போக நல்ல காலம் எதுவென்று கேட்டால், நவம்பர் முதல் பிப்ரவரி வரை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பள்ளி விடுமுறையை நம்பிப் பயணம் போகிற வீடுகளுக்கு அது சரிப்பட்டு வராது. எங்களுக்கு வாய்த்தது ஏப்ரல். பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 280 கி.மீ. தொலைவில், வளைகுடாக் கரையில் இருக்கும் பிரச்சுவாப் கிரிகான் என்ற சின்ன ஊரைத் தேர்ந்தெடுத்தோம். வெயில் நமக்குப் புதிதில்லை. ஆனால் ஊர் சுற்றப் போன இடத்தில், வெயிலுக்கேற்ப ஒரு நாளை எப்படிப் பிரித்துக்கொள்வது என்பதை அந்த ஊர்க்காரர்களைப் பார்த்துத்தான் பழகினேன்.

ரயிலில் எந்தப் பக்கம்?

தெற்கே போகும் விரைவு ரயில்கள் 2023 ஜனவரி முதல் பாங்காக்கின் புதிய குருங் தேப் அபிவத் நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. பழைய ஹுவாலம்போங்குக்குப் போய் நிற்காதீர்கள். பயணம் நாலைந்து மணி நேரம். வண்டி தெற்கு நோக்கி ஓடுவதால் காலை வெயில் இடப்பக்கம் விழும், பிற்பகல் வெயில் வலப்பக்கம். மின்விசிறி மட்டும் உள்ள பெட்டியில் போகிறவர்கள் இதைப் பார்த்து இடம் பிடித்தால் பாதிப் பயணக் களைப்பு மிச்சம்.

அறை எடுப்பதிலும் இதே கணக்குதான். ஊர் கிழக்கே கடலைப் பார்த்து இருக்கிறது. கடல் பார்த்த அறைக்குள் காலையில் வெயில் வரும். மதியத்துக்கு மேல் நிழலும் கடற்காற்றும். மேற்குப் பார்த்த அறையோ பிற்பகல் முழுக்கக் காய்ந்து, இரவிலும் சுவர் சுடும்.

விடியலும் மாலையும்

ஏப்ரல் 21 வாக்கில் பிரச்சுவாப்பில் சூரியன் நேர் உச்சியில் நிற்கிறது. சென்னைக்கு அது மூன்று நான்கு நாள் கழித்து வரும். அந்த ஊர்க் கடிகாரப்படி உச்சிப்பொழுது 12.20 சுமாருக்கு. அதன் பிறகும் இரண்டு மூன்று மணி வரை சூடு ஏறிக்கொண்டே போகும். ஆகவே பதினொன்று முதல் நாலு வரையிலான நேரத்தை வெளிச்சுற்றலில் சேர்க்காமல் திட்டம் போடுங்கள்.

விடியல் ஆறு மணியை ஒட்டி. நம் நேரத்தைவிட அங்கே ஒன்றரை மணி நேரம் முன்னால் என்பதால், அவர்களுடைய ஆறு நம் உடம்புக்கு நாலரை. வந்த அன்றே சீக்கிரம் படுத்தால்தான் மறுநாள் காலை கைக்குக் கிடைக்கும்.

காவ் சோங் கிரச்சோக் குன்றுக்கு 396 படிகள். ஏழு மணிக்கு முன்னால் ஏறத் தொடங்குங்கள். மேலே கோயில், கீழே வளைகுடாவின் வளைவு. வழியெல்லாம் குரங்குகள், கையில் பிளாஸ்டிக் பை தெரிந்தால் பறித்துவிடும். தண்ணீர்ப் புட்டியைக்கூட முதுகுப்பைக்குள் வைத்து ஜிப்பைப் போட்டுவிடுங்கள்.

மாலைக்கு ஆவ் மனாவ் கடற்கரை. அது விமானப்படைத் தளத்துக்குள் இருக்கிறது, பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். ஓடுபாதையைக் குறுக்கே கடந்துதான் சாலை போகிறது. விமானம் வந்தால் நிறுத்திவிடுவார்கள். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பானியப் படை வந்திறங்கிய இடங்களில் இதுவும் ஒன்று. கடல் ஆழமில்லாமல் மெல்லச் சரிவதால் குழந்தைகளை நம்பி இறக்கலாம். தாய்லாந்துக் குடும்பங்கள் வெயில் தாழ்ந்த பிறகுதான் வருகிறார்கள், டி-ஷர்ட்டும் கால்சட்டையுமாகவே குளிக்கிறார்கள். நீச்சலுடை போடக் கூச்சப்படும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது எவ்வளவு நிம்மதி! தளத்துக்குள்ளேயே காவ் லோம் முவாக் மலையடியில் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட சாம்பல் நிற மந்திகள் உண்டு. அவற்றின் குட்டிகள் பிறக்கும்போது பொன்னிறம். படிக்கட்டுக் குரங்குகளைப் போல் அல்ல, இவை சாது.

நடுப்பகலுக்கு

தூங்குவதைவிட நல்ல யோசனை, ஊருக்குத் தெற்கே வா கோ என்ற இடத்தில் உள்ள அறிவியல் பூங்காவும் மீன்காட்சியகமும். 1868 ஆகஸ்ட் 18 முழு சூரிய கிரகணத்தை முன்கூட்டியே கணித்த மன்னர் மோங்குட், விருந்தினர்களை அழைத்து வந்து இங்கே பார்த்தார். கணக்கு பலித்தது. ஆனால் இங்கே தொற்றிய மலேரியாவால் அக்டோபர் 1 அன்று இறந்துபோனார். அதே கிரகணத்தின் நிழல் சற்று முன்னதாகச் சென்னை மாகாணத்தின் குண்டூரையும் கடந்தது. பின்னாளில் ஹீலியம் என்று பெயர் பெற்ற தனிமத்தின் தடயம் தெரிந்தது அந்தக் கிரகணத்தில்தான்.

வாய்க்கு

கோடையில் மட்டும் அங்கே காவ் சே கிடைக்கும். மோன் இன மக்களிடமிருந்து வந்த உணவு. மல்லிகை மணக்கும் குளிர்ந்த நீரில் சோறு, தொட்டுக்கொள்ள இறால் விழுது உருண்டை, இனிப்பு மீன், இனிப்பு முள்ளங்கி. நம் பழைய சோற்றுக்கு அரண்மனை உடை உடுத்தியதுபோல் இருக்கும். இதே ரயில் பாதையில் வடக்கே உள்ள பெட்சபுரி இதற்குப் பேர்போனது.

சைவர்கள் கவனிக்க வேண்டியது: கீரைப் பொரியலிலும் மீன் சாறு விழும், பப்பாளி சாலட்டிலும் விழும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்துப் போட்ட ‘ஜே’ கடைகளைத் தேடுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசியும் மாம்பழமும் இந்த மாதங்களில்தான் உச்சம், அதில் பயமில்லை.

குழாய்த் தண்ணீர் வேண்டாம். உப்புச் சர்க்கரைப் பொடிப் பொட்டலங்கள் மருந்துக்கடையில் கிடைக்கும், தாகம் எடுக்கும் முன்பே கரைத்துக் குடியுங்கள். கடலோரப் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்பு குளிராது. தலைசுற்றலோ குமட்டலோ தெரிந்தால் அன்றைய சுற்றலை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

எந்த வாரம்?

ஏப்ரல் 13 முதல் 15 வரை சொங்கிரான் புத்தாண்டு. நம் சித்திரை முதல் நாளும் அதற்குள்தான் வருகிறது. தெருவில் இறங்கினால் நனையாமல் திரும்ப முடியாது, கைபேசிக்கு நீர்புகாத உறை கட்டாயம். பெரியவர்கள் கையில் மணநீர் ஊற்றி ஆசி வாங்கும் வழக்கத்தைக் கோயில்களில் அமைதியாகப் பார்க்கலாம். ஆனால் பாங்காக்கே ஊருக்குக் கிளம்பும் நேரம் என்பதால் ரயிலில் இடம் கிடைப்பது அரிது. சாலை விபத்துகள் கூடுவதால் அரசே அந்த வாரத்தை ‘அபாயமான ஏழு நாட்கள்’ என்று எச்சரிக்கிறது. அப்போது வாடகை ஸ்கூட்டர் எடுக்காதீர்கள்.

மே நடுவில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். திருவிழா வேண்டுமென்றால் டிக்கெட்டையும் அறையையும் வெகு முன்னதாகவே எடுத்துவிடுங்கள். வேண்டாமென்றால் ஏப்ரல் 20க்கு மேல் மே முதல் வாரத்துக்குள் போய் வாருங்கள். கைக்குழந்தையோ இதய நோயாளியோ உடன் வருவதாக இருந்தால், பள்ளிக்கு நாலு நாள் லீவு சொல்லிவிட்டு ஜனவரியில் போவதே நல்லது.